பத்தில் இருந்து பூச்சியம் வரை

2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. இரவு பதினொரு மணி. சான் ரமோனில் எங்கள் வீட்டு ஹோலில் விளக்கை அணைத்துவிட்டு நானும் சின்னவனும் ரிவிக்கு முன்னால் இருந்தோம். திரையில் புளோரிடா. அங்கே அதிகாலை இரண்டு மணி. கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்தில் பால்கன் 9 ரொக்கெட் வெள்ளையாய் நின்றது. உச்சியில் இருந்த டிராகன் கலத்துக்குள் நான்கு பேர். கொமாண்டர் பெகி விட்சன், போலந்துக்காரர் ஒருவர், ஹங்கேரிக்காரர் ஒருவர், பிறகு லக்னோவைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு வேலை இருக்கெல்லோ. இது இண்டைக்கும் போகாது. வந்து படுங்கோ" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

அவவில் பிழை சொல்ல ஏலாது. முதலில் மே 29 என்றார்கள். பிறகு ஜூன் 8. பிறகு 10, 11, 19, 22. ஒவ்வொரு திகதியையும் குசினியில் தொங்கும் கலண்டரில் வட்டம் போட்டு, பிறகு வெட்டி, அந்த ஜூன் மாதமே கோழி கிளறின முற்றம் மாதிரி ஆகிவிட்டது. இது ஏழாவது திகதி.

திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டு வந்தன. அப்போதுதான் சின்னவன் கேட்டான்.

"ஏன் அப்பா இவங்கள் பின்னுக்கு இருந்து முன்னுக்கு எண்ணுறாங்கள்? ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணினால் ரொக்கெட் போகாதோ?"

நல்ல கேள்வி. அந்த நேரத்தில் அரைகுறையாய்த்தான் பதில் சொன்னேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கவுண்ட்டவுன் ரொக்கெட்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. அதை முதலில் பிரபலமாக்கியது ஒரு சினிமாக்காரர். 1929 ஒக்டோபரில் பெர்லினில் 'நிலவில் பெண்' என்ற ஜேர்மன் மௌனப்படம் வெளியானது. இயக்குநர் பிரிட்ஸ் லாங். படத்தில் மனிதர்கள் ரொக்கெட்டில் ஏறி நிலவுக்குப் போகிறார்கள். புறப்படும் காட்சியை எப்படி விறுவிறுப்பாக்குவது என்பது லாங்கின் பிரச்சினை. ஒன்று, இரண்டு என்று ஏறுமுகமாய் எண்ணினால் எந்த எண்ணில் வெடிக்கப் போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இறங்குமுகமாய் எண்ணினால் பூச்சியத்தில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிவதால்தான் நெஞ்சு அடிக்கும். இது லாங் பிற்காலத்தில் சொன்ன விளக்கம்.

அந்தப் படத்துக்கு ஆலோசகர்களாய் இருந்தவர்கள் ரொக்கெட் விஞ்ஞானத்தின் முன்னோடி ஹெர்மன் ஓபர்த்தும், எழுத்தாளர் வில்லி லேயும். அந்தக் காலத்து ஜேர்மன் ரொக்கெட் பெடியள் எல்லோரும் அந்தப் படத்தில் பைத்தியமாய்த் திரிந்தவர்கள். 1942 ஒக்டோபர் 3ஆம் திகதி முதன்முதலாய் ஒழுங்காய்ப் பறந்த வி-2 ரொக்கெட்டின் அடிப்பகுதியில் அந்தப் படத்தின் சின்னத்தையே வரைந்திருந்தார்கள். அந்த வி-2தான் பிறகு லண்டனில் விழுந்தது. அதைச் செய்வதற்கு டோரா வதைமுகாமில் அடிமைகளாய் வைத்திருந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

படத்தை எடுத்த லாங் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வெளியேறி, பிரான்ஸ் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்தார். வில்லி லே 1935இல் தப்பி வந்தார். இருவரும் எங்களைப் போல வந்தவர்கள். வி-2 செய்த வெர்னர் வொன் பிரவுணும் அவருடைய ஆட்களும் போர் முடிந்தபின் அமெரிக்க இராணுவத்தால் அழைத்து வரப்பட்டார்கள். துரத்தப்பட்டவனுக்கும், துரத்தியவனிடம் வேலை செய்தவனுக்கும் கடைசியில் ஒரே நாடு. இதைப் படிக்கும் எங்களில் பலருக்கு அது புதுமையான விடயமாய் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. முதன்முதலாய் மனிதனை விண்வெளிக்கு அனுப்பிய சோவியத்காரர்கள் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணியதே இல்லை. அவர்கள் வழக்கம் வேறு. நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாய்ச் சொல்லிக்கொண்டு போவார்கள். சாவியைத் திருப்பு, பற்றவை, எழுந்தது. அவ்வளவுதான். 1961 ஏப்ரல் 12இல் ககாரின் போனதும் அப்படித்தான். 1984 ஏப்ரல் 3இல் ராகேஷ் சர்மா போனதும் அப்படித்தான். முதல் இந்தியர் விண்வெளிக்குப் போனது கவுண்ட்டவுன் இல்லாமல்!

அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். எனக்குப் பதினொரு வயது, இப்போது சின்னவனுக்கு உள்ள வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ரேடியோவைச் சுற்றி இருந்தோம். கசகஸ்தானில் இருக்கும் பைக்கனூரில் இருந்து சோயுஸ் ரி-11 எங்கள் நேரப்படி பின்னேரம் 6.38க்குக் கிளம்பியது. திருச்சி வானொலியில் அன்று இரவு வேறு கதையே இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சித்தப்பா குடும்பம் அப்போதும் எங்களோடுதான் இருந்தது.

அடுத்த நாட்களில் இந்திரா காந்தி அவரிடம் மேலேயிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்டதும், அவர் இக்பாலின் கவிதை வரி ஒன்றால் பதில் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைக் கேட்டுவிட்டு அப்பா, "அதுக்குப் பக்கத்திலை எங்களையும் பாத்திருப்பான்" என்றார்.

சித்தப்பா சாப்பாட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "மேலையிருந்து பாத்தா எரிஞ்ச கடை தெரியாது அண்ணை" என்றார்.

அதற்குப் பிறகு நாங்களும் எண்ணப் பழகினோம். அது வேறு எண்ணிக்கை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூரத்தில் 'டும்' என்று ஒரு மொத்தச் சத்தம் கேட்கும். "குத்திட்டான்" என்று யாரோ கத்துவார்கள். ஷெல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அது மேலே ஏறி இறங்கி வந்து விழுவதற்குச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் பங்கருக்குள் பாய வேண்டும். பனங்குத்தியும் மண்மூட்டையும் போட்டு வளவுக்குள் வெட்டிய பங்கர். உள்ளே இருட்டு, ஈரமண் மணம். அம்மம்மா என்னுடைய தலையை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவா. ஒண்டு, ரெண்டு, மூண்டு...

ஏறுமுகமாய்த்தான் எண்ணினோம். இறங்குமுகமாய் எண்ண எங்களால் ஏலாது. ஏனென்றால் பூச்சியம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பதினைந்தில் விழலாம், இருபதில் விழலாம். தூரத்தில் விழுந்தால் அம்மம்மா "சரி" என்பா. அது எங்களுக்கு இல்லை என்று பொருள். யாருக்கோ என்பதும் பொருள். பிறகு அடுத்த 'டும்'. திரும்ப ஒன்றில் இருந்து.

லண்டன் சனத்துக்கு வி-2 விழுந்தபோது அந்த எண்ணிக்கை கூட இல்லை. அது சத்தத்தை விட வேகமாய் வரும். முதலில் வெடிக்கும், பிறகுதான் வரும் சத்தம் கேட்கும். அதை வாசித்தபோது, எங்களுக்குக் கிடைத்த அந்தப் பத்து இருபது விநாடி பெரிய பாக்கியம் என்று நினைத்தேன்.

அமெரிக்காவுக்கு வந்து, முறையாய் ஒரு கவுண்ட்டவுனை ரிவியில் முழுதாய்ப் பார்த்தபோதுதான் அதில் எண்ணுவதை விட நிறுத்துவதுதான் முக்கியம் என்று விளங்கியது.

ஷட்டில் காலத்தில் கவுண்ட்டவுன் கடிகாரம் 43 மணித்தியாலத்தில் தொடங்கும். ஆனால் புறப்பாட்டுக்கு மூன்று நாட்களுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். கணக்கு உதைக்கிறதா? காரணம், நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு 'ஹோல்ட்' என்று பெயர். பூச்சியத்துக்கு 20 நிமிடம் இருக்கும்போது ஒன்று, 9 நிமிடம் இருக்கும்போது கடைசி ஒன்று. அந்த 9 நிமிடத்தில் கடிகாரம் நிற்கும். ஏவுதல் பொறுப்பாளர் ஒவ்வொரு பிரிவாய்க் கேட்பார். எரிபொருள்? மின்சாரம்? காலநிலை? கணினி? ஒவ்வொருவரும் 'போகலாம்' என்று சொன்னால்தான் கடிகாரம் மறுபடி ஓடும். ஒரே ஒருவர் 'வேண்டாம்' என்றால் நிற்கும். அதனால்தான் நாசாவில் இரண்டு கடிகாரம். ஒன்று உண்மையான நேரத்தைக் காட்டும். மற்றது, 'ரி மைனஸ்' என்று தொடங்குவது, எவ்வளவு வேலை மீதி இருக்கிறது என்று காட்டும். வேலை முடியாவிட்டால் நேரம் நிற்கும். இப்படி ஒரு கடிகாரம் உலகத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

முதல் அமெரிக்க விண்வெளி வீரர் அலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று நிறுத்தி நிறுத்தி எண்ணியதால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கலத்துக்குள் படுத்துக் கிடந்தார். பறக்கப் போவது 15 நிமிடம்தானே என்று சிறுநீர் கழிக்க ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. கடைசியில் அனுமதி வாங்கி உடுப்புக்குள்ளேயே போனார். நாட்டின் மானம் காத்த வீரரின் நிலை அது.

இன்னொரு கதை. 1965 டிசம்பர் 12, ஜெமினி 6. எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்து, எஞ்சின் பற்றி, ஒரு விநாடி சொச்சத்தில் தானாய் அணைந்தது. விதிப்படி கொமாண்டர் வொலி ஷிரா கால்களுக்கு நடுவில் இருந்த வளையத்தை இழுத்து, தானும் ரொம் ஸ்ராபோர்டும் வெளியே வீசப்பட வேண்டும். ரொக்கெட் ஒரு அங்குலம் எழும்பியிருந்து திரும்ப இருந்திருந்தால் வெடித்திருக்கும். ஷிரா இழுக்கவில்லை. ரொக்கெட் அசையவில்லை என்று அவருடைய உடம்புக்குத் தெரிந்தது. ஒரு செருகி நேரத்துக்கு முன் கழன்று விழுந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். பிறகு சோதிக்கும்போது, எஞ்சினுக்குள் ஒரு பிளாஸ்ரிக் தூசிமூடியை யாரோ கழற்ற மறந்திருந்ததும் தெரியவந்தது. மூன்று நாளில் திருத்தி அனுப்பினார்கள்.

நிறுத்தியதால் பிழைத்த கதைகள் இவை. நிறுத்தாததால் நடந்ததும் உண்டு.

1986 ஜனவரி 27 இரவு. அடுத்த நாள் சலெஞ்சர் போக வேண்டும். புளோரிடாவில் வழமைக்கு மாறான குளிர். பூஸ்டர் ரொக்கெட்டைச் செய்த மோர்ட்டன் தயக்கோல் கம்பனியின் பொறியியலாளர்கள் யூட்டாவில் இருந்து தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள்: 53 பாரன்ஹைட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம், இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும். ரொஜர் புவாஜொலி அவர்களில் ஒருவர். நாசா தரப்பில் அதிருப்தி. கம்பனி மேலாளர்கள் தனியே கூடிக் கதைத்துவிட்டு வந்து, ஏவலாம் என்று கையெழுத்து வைத்தார்கள். காலையில் ஐஸ் படிந்திருந்ததால் இரண்டு மணித்தியாலம் தாமதித்தார்கள். பிறகு எண்ணினார்கள். ஏவும்போது வெப்பநிலை 36 பாரன்ஹைட், அதாவது 2 செல்சியஸ். எண்ணிக்கை குற்றம் குறையில்லாமல் பூச்சியத்துக்கு வந்தது. 73 விநாடியில் ஏழு பேரும் போனார்கள்.

பிறகு விசாரணைக் கமிஷன் கண்டது என்ன? 'வேண்டாம்' என்று பொறியியலாளர்கள் சொன்ன விடயம், ஏவுவதைத் தீர்மானிக்கும் உச்சத்தில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. நில் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். அந்தக் குரல் போக வழி இல்லை.

கல்பனா சாவ்லாவின் கதையும் அதுவே. ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, ரெக்சஸிலும் கொலராடோவிலும் படித்து, 1988இல் வேலைக்கு வந்தது இங்கேதான், எங்கள் வளைகுடாப் பகுதியில், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்கு. சான் ரமோனில் இருந்து 680 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் ஒரு மணித்தியால ஓட்டம். பிறகு லொஸ் அல்ரோஸில் ஒரு கம்பனியில் வேலை செய்தார். 1994 டிசம்பரில் நாசா அவரைத் தெரிந்தெடுத்தது. 1997 நவம்பரில் முதல் பயணம். 2001 ஜனவரியில் போகவேண்டிய இரண்டாம் பயணம் தள்ளித் தள்ளிப் போய் 2003 ஜனவரி 16இல் கிளம்பியது.

கிளம்பி 82ஆவது விநாடியில் எரிபொருள் தாங்கியில் இருந்து ஒரு நுரைத்துண்டு உடைந்து கொலம்பியாவின் இடது சிறகில் மோதியது. அடுத்த நாள் படம் பார்த்த பொறியியலாளர்கள், இராணுவச் செய்மதிகளால் சிறகைப் படமெடுத்துப் பார்ப்போம் என்று கேட்டார்கள். மேலிடம் தேவையில்லை என்றது.

2003 பெப்ரவரி 1, சனிக்கிழமை. நான் அப்போது பிரீமொண்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு முடியும். 5.53க்கு கொலம்பியா சக்கரமெண்டோவுக்கு மேற்கே கலிபோர்னியாக் கரையைக் கடந்து, எங்களுக்கு வடக்கே, வானத்தில் கோடு கீறிக்கொண்டு போயிருக்கிறது. அப்போதே சிறகில் இருந்து துண்டுகள் கழன்று விழத் தொடங்கிவிட்டன. வெளியே வந்து வடக்கே பார்த்திருந்தால் கண்டிருப்பேனோ என்னவோ. நான் உள்ளே சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு மணியளவில் ரெக்சஸ் வானில் அது சிதறியது. 6.16க்கு புளோரிடாவில் இறங்கியிருக்க வேண்டும். வேலை மாற வந்த பஞ்சாபிப் பெரியவர் ரிவியைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தார். அன்று அவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. காலை பத்து மணி வரைக்கும் கூட நின்றேன்.

இனி எங்கள் பக்கத்து ஏவுதளத்துக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டாவை 'எங்கள் பக்கம்' என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அங்கிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரே தெற்கே போக முடியாது. தெற்கே இலங்கை. விழுந்தால் சனத்தின் தலையில் விழும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டியபின் தெற்கே திரும்புகிறது. அதில் கொஞ்சம் எரிபொருள் வீணாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரபட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு இந்த வளைவைத் தவிர்ப்பதும் ஒரு காரணம். எங்கள் தீவை ஒரு தொந்தரவாய் நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு வளைந்து போகும் ஒரு இயந்திரத்தை நினைத்தால் எனக்கு ஏதோ மனம் நிறைகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் பல வருடம் கவுண்ட்டவுன் சொன்ன குரல் வளர்மதி என்ற பெண்மணியுடையது. 2023 ஜூலை 14இல் சந்திரயான் 3க்குச் சொன்னதும் அவருடைய குரல்தான். அந்த வருடம் செப்டெம்பரில் சென்னையில் காலமானார். பெயர் வளர்மதி, எண்ணி அனுப்பியது நிலவுக்கு.

அங்கேயும் நிறுத்தத் தெரிந்திருக்கிறார்கள். 2019 ஜூலை 15இல் சந்திரயான் 2ஐ, பூச்சியத்துக்கு 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து 22ஆம் திகதி போனது. ககன்யானுக்காக 2023 ஒக்டோபர் 21இல் நடந்த முதல் சோதனைப் பறப்பு இன்னும் விசேடம். மனிதர் இருக்கும் கலத்தை ஆபத்தில் எப்படிப் பிரித்தெடுப்பது என்று பார்க்கும் சோதனை. எண்ணிக்கை 5 விநாடிக்கு வந்தது. கணினி தானாய் நிறுத்தியது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க ரொக்கெட் சும்மா நின்றது. அப்போதைய தலைவர் சோமநாத் வந்து நிலைமையைச் சொன்னார். காரணத்தைக் கண்டு சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். கலம் பிரிந்து பரசூட்டில் கடலில் இறங்கியது. ககன்யானுக்குத் தெரிந்தெடுத்த நால்வரில் சுக்லாவும் ஒருவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இன்னொருவர். ஒரு நாள் அவரோ வேறொருவரோ அந்த உச்சியில் இருக்கும்போது, அந்த 5 விநாடி நிறுத்தம் அவர்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள்.

சுக்லாவின் பயணம் அத்தனை தடவை தள்ளிப்போனதற்கும் காரணங்கள் உண்டு. ஒருநாள் காற்று. பிறகு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு. இரண்டுக்கும் நடுவில், ஜூன் 11க்கு முன், ரொக்கெட்டில் திரவ ஒக்ஸிசன் கசிவு. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அப்போது புளோரிடாவில் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தமிழில் படித்து வந்தவர், வாழ்நாள் முழுக்க ரொக்கெட் எஞ்சினோடு மாரடித்தவர். முழுதாய்த் திருத்தி, சோதித்துக் காட்டாமல் எங்கள் ஆளை அனுப்பமாட்டோம் என்று தன் குழு நின்றதாகவும், தேடியபோது குழாயில் வெடிப்பு இருந்ததாகவும், அப்படியே ஏவியிருந்தால் பேரழிவாய் முடிந்திருக்கும் என்றும் அவர் பிறகு பகிரங்கமாய்ச் சொன்னார். அடுத்தவனின் ஏவுதளத்தில், அடுத்தவனின் ரொக்கெட்டுக்கு முன்னால் நின்று 'நில்' என்று சொல்வது லேசான காரியம் இல்லை. கன்னியாகுமரிக்காரர் சொல்லியிருக்கிறார்.

திரும்ப எங்கள் ஹோலுக்கு வருகிறேன். பால்கனில் ஷட்டில் போல 9 நிமிடத்தில் நின்று யோசிக்க இடம் கிடையாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே எரிபொருள் நிரப்புகிறார்கள். 45ஆவது நிமிடத்தில் நிரப்ப அனுமதி. 42இல் ஏறிப்போன பாலம் விலகும். பிறகு தப்பிக்கும் பொறி தயாராகும். 35இல் எரிபொருள் ஓடத் தொடங்கும். விண்வெளி நிலையத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சொன்ன விநாடியில் கிளம்ப வேண்டும். அதன்பின் நிறுத்தினால் அன்றைய நாள் முடிந்தது. என்றாலும் கடைசி விநாடி வரைக்கும் நிறுத்தலாம். எஞ்சின் பற்றுவது பூச்சியத்துக்கு 3 விநாடி முன்னால். அதற்குப் பிறகும் கணினி பார்த்துத்தான் விடும்.

பத்து நிமிடம் இருக்கும்போது மனைவியும் வந்து சோபாவின் கைப்பிடியில் இருந்தா. படுக்கச் சொன்னவதான். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. பத்து வந்ததும் சின்னவன் தமிழில் எண்ணத் தொடங்கினான். வீட்டில் படித்த தமிழ். பின்னுக்கு இருந்து எண்ணிப் பழக்கமில்லாததால் 'எட்டு'க்குப் பிறகு தடுமாறி, 'ஐந்து'க்குப் பாய்ந்து, மூன்றில் பிடித்துவிட்டான். 11.31. திரை முழுக்க வெளிச்சம். மனைவி "முருகா" என்றா.

நான் அவனிடம் அம்மம்மாவின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

ஆனால் உங்களிடம் சொல்லலாம். எங்கள் நாட்டிலும் ஒரு கவுண்ட்டவுன் ஓடியது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தபோது கடிகாரம் ஒருதரம் நின்றது. 1958 ஏப்ரலில் அதைக் கிழித்தார்கள், மே மாதம் கலவரம். 1965இல் டட்லியோடு இன்னொரு ஒப்பந்தம், மறுபடி நின்றது, மறுபடி ஓடியது. 1972, 1977, 1981, 1983. ஒவ்வொரு எண்ணிலும் 'வேண்டாம், நில்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள், சிங்களவரிலும் தமிழரிலும். அங்கே அவர்களைத் தேசத்துரோகி என்றார்கள். பிறகு எங்கள் பக்கத்திலும் நில் என்று சொன்னவனைத் துரோகி என்றோம். சிலரை அதற்குப் பிறகு காணவில்லை. 2009 மே மாதம் வரை யாரும் கடிகாரத்தில் கை வைக்கவில்லை.

சலெஞ்சரில் ஏழு பேர், கொலம்பியாவில் ஏழு பேர். இரண்டுக்கும் கமிஷன் வைத்து, யார் எப்போது நில் என்றார்கள், யார் கேட்கவில்லை என்று பக்கம் பக்கமாய் எழுதி, முகத்தில் அடித்த மாதிரி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் கணக்கை அப்படி யாரும் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

ஜூலை 15 அதிகாலை 2.31க்கு சுக்லாவும் மற்ற மூவரும் சான் டியேகோவுக்கு அப்பால் கடலில் பத்திரமாய் இறங்கினார்கள். அன்றும் முழித்திருந்தேன். இறங்குவதற்கு முந்திய நிமிடங்களில் என்னை அறியாமல் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று ஏறுமுகமாய்த்தான். பரசூட் நாலும் விரிந்ததைக் கண்டதும் நானே "சரி" என்றேன்.

அம்மம்மா சொல்லும் அதே 'சரி'. இந்தத் தடவை அதற்கு இரண்டாவது பொருள் இருக்கவில்லை.